ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. மே மாதக் கோடை விழாவை ஒட்டி ஏற்காட்டுக்குக் கூட்டம் ஏறத் தொடங்கும் நேரம் இது. எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எப்படி இறங்குவது என்று சொல்பவர்கள் குறைவு. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தானே என்று காலையில் ஏறி இருட்டும் நேரத்தில் இறங்கும் குடும்பங்களையும், அந்தப் பாதையை நம்பி வாழும் மலைக் கிராமத்து மக்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,400 மீட்டர். அடிவாரத்துக்கும் ஊருக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர் உட்கார்ந்த சாதாரணக் காரின் எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். அது 1,100 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியேறும் ஆற்றல் நாலரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் வெந்நீர்க் கம்பியை நாலரை மணி நேரம் விடாமல் எரியவிட்டால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு. அதை முக்கால் மணி நேரத்துக்குள் எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டாலோ, நாலாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்தாலோ, அத்தனையும் உரசி நிறுத்தும் பிரேக் லைனிங்கின் தலையில்தான் விழும்.

சூடு ஏறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, லைனிங்கின் பிடிமானம் குறைவது. மிதி கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. இன்னொன்று, மிதியே தளர்ந்து தரை வரை போவது. இதற்குக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, 155. கொதித்ததும் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகிறது. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நம் காலின் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே மலைக்குக் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் பிரேக் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, கடைசியாக மாற்றியது எப்போது என்று கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டு ஏறுங்கள்.

மலைப்பாதை டிரைவர்கள் காலங்காலமாகச் சொல்வது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டாவது, முழு ஆள் பாரம் இருந்தால் முதல் கியர். வளைவுகளுக்கு நடுவில் நேராகப் போகும் துண்டுகளிலும் மூன்றைத் தாண்ட வேண்டாம். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும், வளைவுக்குள் கிளட்சை மிதித்துக்கொண்டு கியர் தேடக் கூடாது. பிரேக்கை வளைவுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். காலை மிதிமேல் லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல், லைனிங் ஆற ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘டி’யில் விட்டுவிட்டு இறங்குகிறார்கள். அந்த நிலையில் கியர் தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரில் பிரேக்கை லேசாக்கித் தருவது இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடம். இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று முறை மிதித்தால் அது தீர்ந்துவிடும், பிறகு மிதி கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும். இப்போதைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் தானாகவே நின்றுவிடுகிறது. அணைப்பதால் மிச்சம் எதுவும் இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை கியர் இல்லாத ஸ்கூட்டர். சேலத்துக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேராக, இளம் தம்பதியர் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஏறுகிறார்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது தானியங்கி கிளட்ச். ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்தால் அது தானாகவே விட்டுவிடும். அதன்பின் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் வண்டியைப் பிடித்து நிறுத்த அது உதவாது. 20 வளைவும் இரண்டு சிறிய பிரேக்குகளின் பாடு. கட்டாயம் ஸ்கூட்டரில்தான் என்றால் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கிளட்ச் பிடித்திருக்கும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரை மிக லேசாகத் திருகி வைத்துக்கொண்டு இறங்குங்கள். முன் பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிரேக் லிவர் வழக்கத்தைவிட உள்ளே வந்தால் உடனே நிறுத்த வேண்டும், அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று போகக் கூடாது.

கருகல் வாசனை வந்தால் அது பிரேக்கோ கிளட்சோதான். வண்டியை ஓரம் கட்டி, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு இறக்கப் பக்கம் கல் கொடுங்கள். சூடான பிரேக்கை ஹேண்ட் பிரேக் போட்டு இறுக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் சும்மா விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற முயன்றால் டிரம் விரிசல் விடும், டிஸ்க் கோணிப் போகும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும். கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போவது நம் ஊர் மலைப்பாதைகளில் பழகிப்போன கெட்ட வழக்கம். இரவில் பைக்கில் வருபவனுக்கு அது தெரியாது.

எதிரெதிரே இரண்டு வண்டிகள் குறுகலான இடத்தில் வந்தால் இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, சாலை விதியிலேயே இருக்கிறது. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் பின்னால் உருளும், கிளட்ச் கருகும். பஸ்கள் வளைவில் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். எனவே ஹாரன் கேட்டதும் வளைவுக்கு வெளியே நின்றுவிடுங்கள், உள்ளே மூக்கை நுழைத்துவிட்டு ஆளுக்கு ஆள் பின்வாங்கச் சொல்லித் தகராறு செய்யாதீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் இதே பாதையில் இறங்கிய தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதன் பிறகும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

மேகம் இறங்கினால் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் மேகத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிடுவது தவறு, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். மலைக்கு உள்ள இன்னொரு பாதையான குப்பனூர் வழி சற்றுச் சுற்று, சாலையும் குறுகல். முதல் முறை போகிறவர்கள் அந்தப் பக்கம் இருட்டிய பிறகு இறங்க வேண்டாம். மாலையில் காட்டெருமை ரோட்டுக்கு வரும். அது நின்றால் நாமும் தள்ளி நிற்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, போட்டோ எடுக்க இறங்கவே கூடாது.

குழந்தைகள் வாந்தி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உள்காது அசைவை உணர்கிறது, செல்போன் திரையைப் பார்க்கும் கண் அசைவில்லை என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. போனைப் பிடுங்கி வைத்து, முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். பூரியும் வடையும் இறங்கி வந்த பிறகு சாப்பிடலாம்.

இனி, மலையிலிருந்து இறங்கும் இன்னொன்றுக்கு வருகிறேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் நீர்வீழ்ச்சியாக 300 அடி விழுந்து கிளியூர் பள்ளத்தாக்குக்குள் போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் போய் அருவியில் தண்ணீர் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டார்கள். ஏரி வழிந்தால்தான் அருவி. ஆடிக்குப் பிறகு, நல்ல மழை பெய்த வாரத்தில் போக வேண்டும். பாதை செங்குத்து, பாறையில் பாசி படிந்திருக்கும், செருப்போடு இறங்குவது ஆபத்து. இறங்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், முட்டி வலி உள்ள பெரியவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

ஏரி வழிந்துதான் அருவி என்றால், ஏரிக்கரையில் நாம் விடும் பஜ்ஜித் தட்டும் ஸ்ட்ராவும் தண்ணீர் பாட்டிலும் போகும் இடம் அந்தப் பள்ளத்தாக்குதான். சேர்வராயன் மலை நமக்குக் காற்று வாங்கும் இடம் மட்டுமல்ல. சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறு அங்கே பிறக்கிறது. சரபங்கா ஆறும் அங்கேதான். வடக்குப் பக்கம் வாணியாறு இறங்கி தருமபுரி மாவட்டத்து வயல்களுக்குப் போகிறது.

ரோட்டோரத்தில் போடும் பாட்டில் இன்னும் பெரிய கெடுதல் செய்கிறது. இதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். மலைப்பாதையில் மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓடும். அதில் சேரும் மழைநீர் ஆங்காங்கே சிறுபாலத்தின் அடியில் புகுந்து பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடும். தாங்குசுவர்களில் சிறுசிறு துளைகள் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் கசிந்து வெளியேறுவதற்காக வைத்தவை அவை. சிறுபாலத்தின் வாயில் பாட்டிலும் கவரும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் மேல் குறுக்கே பாயும். பள்ளத்துப் பக்க ஓரத்தில் விழுந்து தாருக்கு அடியில் இருக்கும் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். மேலே தார் அப்படியே இருப்பதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆள் ஏறிய வேன் ஒன்று ஒதுங்கும்போது ஓரம் உள்வாங்கும். துளைகள் அடைபட்ட சுவரும் அப்படித்தான், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் தாங்காமல் வெளியே சாய்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது மலைக் கிராமத்து மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும், டிபன் பாக்ஸில் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ எடுத்துப் போவது பெரிய வேலையில்லை. டிக்கியில் ஒரு காலி அரிசிச் சாக்கைப் போட்டு வையுங்கள், குப்பை முழுவதும் அதில் சேலத்துக்கே திரும்பி வரட்டும். மிச்சச் சோற்றைக் குரங்குக்குப் போடுவதும் புண்ணியமல்ல. வண்டிகள் வேகம் குறைக்கும் வளைவுகளில் குரங்குகள் வந்து உட்காருவது நாம் போட்டுப் பழக்கியதால்தான். அடிபட்டுச் சாவதும் அங்கேதான்.

ஒரு வாரம், பத்து நாள் வீடெடுத்துத் தங்குபவர்களுக்கும், வேலை மாற்றலாகி மேலே போகும் ஆசிரியர், வங்கி ஊழியர் குடும்பங்களுக்கும் சமையலறையில்தான் முதல் ஆச்சரியம் காத்திருக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் 95-ஐ ஒட்டிக் கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வைப்பதை மறந்துவிடுங்கள். அரை மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். காபிக்கு மட்டும் இது வசதி. டிகாக்ஷனுக்கு 92 முதல் 96 டிகிரி வெந்நீர்தான் ஏற்றது, அங்கே கொதித்ததை அப்படியே ஃபில்டரில் ஊற்றலாம். கீழே ஒரு நிமிடம் பொறுத்து ஊற்ற வேண்டும்.

அடுத்தது இட்லி மாவு. சேலத்துச் சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, ஏற்காட்டு மார்கழியில் மறுநாள் மதியம் வரை அசையாமல் இருக்கும். புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பழைய மாவு ஒரு கரண்டி கலந்து, பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் இறக்கி, மேலே கம்பளியைச் சுற்றி அடுப்பு மேடையிலேயே வைத்துவிடுங்கள். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும், அதனால் பொங்கிய பிறகே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துணி இரண்டு நாளானாலும் காயாது, உப்பு ஜாடியில் கசியும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். ஆனால் மே மாதப் பகலுக்கு ஸ்வெட்டர் மூட்டை தேவையில்லை. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில், சேலத்தில் 38 என்றால் மேலே 30-31 இருக்கும். மாலைக்கும் விடியலுக்கும் ஆளுக்கு ஒன்று போதும்.

பார்க்க வேண்டியவற்றில் நேரம்தான் முக்கியம். பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம் இருப்பதால் காலையில் போக வேண்டும். லேடிஸ் சீட்டுக்கு இருட்டும் வேளையில் போனால் கீழே சேலம் நகரத்து விளக்குகள் தெரியும். அதை முடித்துக்கொண்டு அந்த இரவிலேயே இறங்குவதாக இருந்தால் பஸ்ஸில் இறங்குங்கள் என்பேன். மரங்கள், செடிகளில் ஆர்வமுள்ளவர்கள் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தைத் தவறவிடக் கூடாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றும் சில்வர் ஓக் நிழலில், அதே மரத்தில் ஏறிய மிளகுக் கொடியோடு நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து எட்டிலிருந்து பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மூன்று நான்கு நாள்தான் அந்தப் பூ. செல்பி எடுக்கக் கிளையை வளைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு பூ உதிர்ந்தால் கார்த்திகை, மார்கழியில் பறிக்க ஒரு பழம் குறைவு. பழம் பறிக்கும் பெண்களுக்குக் கூலி பெரும்பாலும் எடை பார்த்துத்தான். மிளகு வாங்கினால் பத்து மணியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய மிளகு மூழ்கும், கலப்படமான பப்பாளி விதை மிதக்கும். காபியைக் கொட்டையாகக் கால் கிலோ, அரை கிலோ வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லது. தூளாக வாங்கினால் இரண்டு வாரத்தில் மணம் போய்விடும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது போல ஏற்காட்டுக்கும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வண்டிகளை எண்ணுவதற்கு அது உதவும். ஆனால் ஏற்காட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரே நாளில் திரும்புகிறவர்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லோரும் சேர்ந்து இறங்குவதுதான் சிக்கல். மலையாளி பழங்குடிக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் விபத்துக்கும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போகும் 108 வண்டி அந்த வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறது. காபித் தோட்டத்து ஆட்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறும் பஸ்ஸும் அதில்தான் நிற்கிறது.

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது இவை. கோடை விழா நாட்களிலும் சனி, ஞாயிறுகளிலும் அடிவாரத்தில் கார், ஸ்கூட்டர் நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து கால் மணிக்கு ஒரு சிற்றுந்து விட வேண்டும். மேலே ஏரியிலிருந்து காட்சிமுனைகளுக்குத் தனியாக ஒரு வட்டப் பேருந்து வேண்டும். இது நடந்தால் பாதி நெரிசல் தீரும் என்பது என் உறுதியான எண்ணம். இறங்கும் வழியில் குறைந்தது இரண்டு இடங்களில் ரோட்டை அகலப்படுத்தி, பிரேக் ஆற நிறுத்தும் இடமாக அறிவித்து, ‘இரண்டாவது கியரில் இறங்கவும்’ என்று பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். ஏறும்போது பார்க்கும் பலகை இறங்கும்போது நினைவில் இருக்காது, அது மேலே ஊர் எல்லையில், இறக்கம் தொடங்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஏரிக்கரையிலும் லேடிஸ் சீட்டிலும் பாட்டிலில் பிடித்துக்கொள்ளக் குடிநீர்க் குழாய் வேண்டும், அது இல்லாமல் பிளாஸ்டிக் தடையைப் பேசிப் பயனில்லை. சிறுபாலங்களின் வாயையும் தாங்குசுவர்த் துளைகளையும் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை ஆள் விட்டுச் சுத்தம் செய்து, ஐப்பசி மழை நடுவில் விட்டிருக்கும்போது மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் கனமழையிலேயே சருகு வந்து அடைத்துக்கொள்வதால் ஒருமுறை மட்டும் செய்வது போதாது.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.